பிழை தமிழில்தான்

நான் நீட்டி எழுதுகிற ஆள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டுவிட்டுப் புறப்பட்டபோது, உள்ளே என் மனைவி இரத்தினம்மா சிரித்த சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கும். ஒரு பக்கத்தில் நான் பால்காரருக்குக்கூட எழுதியதில்லை. விசாரணை அதிகாரிகளுக்குப் பொறுமை இருக்கும் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன்.

பெயர் சோமசேகரம். வயது அறுபத்தெட்டு. வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தேன். ஓய்வுபெற்ற பிறகு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பதிவு செய்துகொண்டு, வீட்டு முன்னறையில் மேசை போட்டு, வெளியே பலகை மாட்டினேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வெளிநாட்டு வழக்குகளுக்குப் போகும் சத்தியக்கடதாசி எல்லாம் என் கையால் ஆங்கிலமாகின. ஒவ்வொன்றின் கீழும் என் முத்திரை விழும். முத்திரை விழுந்தால், தமிழில் உள்ளதுதான் ஆங்கிலத்திலும் உள்ளது என்று நான் சத்தியம் செய்துவிட்டேன் என்று பொருள். அந்த முத்திரையைத்தான் நீங்கள் போன செவ்வாய்க்கிழமை ஒரு காகித உறையில் போட்டு எடுத்துச் சென்றீர்கள்.

குற்றம் இரண்டு சொல் சம்பந்தப்பட்டது. 'அட் நோசியம்.' இலத்தீன். ஆங்கிலேயர் அதை அப்படியே எடுத்துத் தங்கள் பாஷைக்குள் வைத்திருக்கிறார்கள்.

அதை நான் முதலில் கேட்டது பதினேழு வயதில், ஒரு விவாதப் போட்டியில். கிராம வாழ்க்கை சிறந்ததா, பட்டணத்து வாழ்க்கை சிறந்ததா என்பது தலைப்பு. நான் கிராமத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசினேன். எதிரணியில் யாழ்ப்பாண நகரத்துப் பையன் ஒருவன் எழுந்தான். என் நண்பர் சுத்தமான காற்றைப் பற்றி அட் நோசியம் சொல்லிவிட்டார், இனி நாங்கள் சன்னலைச் சாத்தலாம் என்றான். மண்டபம் சிரித்தது. ஏதோ பெரிய பாராட்டு என்று நினைத்து நான் எழுந்து தலை குனிந்து நன்றி சொன்னேன். அதற்குப் பிறகு மண்டபம் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் எனக்குக் கேட்கும்.

அடுத்த நாள் நூலகத்தில் அகராதியைப் புரட்டினேன். 'குமட்டல் வருமளவுக்கு' என்று இருந்தது. கப்பல் ஏறியவனுக்கு வரும் குமட்டலில் இருந்து பிறந்த சொல்லாம். அன்றைக்கே அதை என் சொத்தாக்கிக்கொண்டேன். என்னை வெட்கப்படுத்திய சொல்லை நானே வைத்துக்கொண்டால் இனி எவரும் அதை என் மேல் எறிய முடியாது என்று ஒரு கணக்கு. பதினேழு வயதுக் கணக்குத்தான். ஆனால் அதை நான் பிறகு திருத்திப் பார்க்கவில்லை.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் எப்படிப் பயன்படுகிறது என்று இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. பாடம் நடத்துகிறேன் என்று எண்ண வேண்டாம், வழக்கே அதில்தான் நிற்கிறது. சொன்னதையே சொல்வது, கேட்டதையே கேட்பது, முறைப்பாட்டின் மேல் முறைப்பாடு வைப்பது போன்ற வினைகளுக்குப் பின்னால் அது வரும். அலுத்துப்போகும்வரை என்று பொருள் தரும். அவ்வளவுதான். அட் நோசியம் என்று சொல்லும் ஆங்கிலேயனுக்குக் கொட்டாவி வரலாம், சத்தி, அதாவது வாந்தி, வராது. சொல்லுக்குள் இருந்த சத்தி எப்போதோ காய்ந்துபோய்விட்டது. எங்கள் ஆட்கள் இதையே 'கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு' என்பார்கள். எங்களுக்கு அலுப்பு காதில் ஏறும், வயிற்றில் இறங்காது. இந்த வித்தியாசத்தை நான் எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகையில் எழுதி விளங்கப்படுத்தியிருக்கிறேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சொல்லை நான் போடாத இடமில்லை. மாணவர் தேர்ச்சி அறிக்கையில் போட்டேன். பத்திரிகைக்கு எழுதிய கடிதங்களில் போட்டேன். கூட வேலை செய்த ஆசிரியர் ஒருவரின் இரங்கல் கூட்டத்தில், அன்னார் எங்களுக்கு அட் நோசியம் புத்தி சொன்னார் என்று பேசி, அவருடைய மனைவி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு எங்கள் வீட்டுக்கு மட்டும் சொல்லாமல் விடும்படி ஆயிற்று. பிள்ளைகள் எனக்கு 'ஓங்காளம் சேர்' என்று பட்டம் வைத்தார்கள். நான் வகுப்புக்குள் வரும்போது பின் வாங்கில் இருந்து ஒருவன் சத்தி வருபவன்போல் ஓங்காளித்துத் தொண்டையைக் காட்டுவான். அவன் பெயர் ஜெரோசன். கெட்டிக்காரன். நான் கவனிக்காதவன்போல் நடந்துகொள்வேன், ஆனால் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இனிச் செல்வநாயகி அம்மாவுக்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை, காங்கேசன்துறைப் பக்கத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்தா. கடற்தொழில் குடும்பம். மனுசன் கடலோடு போய்விட்டார். ஒரே மகன் றஞ்சித் லண்டனில் அகதிக் கோரிக்கை வைத்திருந்தான். இங்கே அவனைப் பிடித்து ஒன்பது நாள் வைத்து விசாரித்த பிறகு விட்டிருந்தார்கள். திரும்பவும் தேடி வந்தபோது அவன் கடவுச்சீட்டு எடுத்துப் போய்விட்டான். அவன் விடுபட்டு வீட்டுக்கு வந்த நாளில் கண்ணால் கண்டவ தாய்தான். ஆகவே தாயின் சத்தியக்கடதாசி வேண்டும் என்று அங்கே அவனுடைய சட்டத்தரணி ஆரணி கேட்டிருந்தா.

என்னிடம் பதினொரு வருடமாகத் தட்டச்சு செய்த பிரசாந்தி, அம்மா சொன்னதைச் சொன்னபடி தமிழில் எழுதினா. நான் கதிரையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா அழவில்லை, சந்தையில் விலை சொல்கிற குரலில்தான் சொன்னா.

"கேட்டதையே கேட்டவங்களாம் ஐயா. ஆற்றையோ பேர் சொல்லச் சொல்லி. சத்தி எடுக்கும் மட்டும் கேட்டவங்கள். எடுத்தாப்பிறகு அந்த இடத்தைக் கழுவிப்போட்டுத் திரும்பவும் கேட்டவங்கள். பிறகு ரத்தம்தான் சத்தியா வந்ததாம். வீட்டை வரேக்கை உடுத்தியிருந்த சாரம் முழுக்க அதுதான். நான்தான் தோய்ச்சனான். மூண்டு தண்ணி மாத்தித் தோய்ச்சும் போகேல்லை."

இதை அவ இன்னும் இரண்டு தரம் சொன்னா. சாரத்தைப் பற்றி மூன்று தரம். பிரசாந்தி மூன்றையும் எழுதினா.

அந்த நேரத்தில் எனக்குள் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்டீர்கள். மகிழ்ச்சி வந்தது. வேறு சொல் தேடினேன், அகப்படவில்லை. ஐம்பது வருடமாக நான் சுமந்து திரிந்த சொல்லுக்கு ஏற்ற வாக்கியம் கடைசியில் காங்கேசன்துறையில் இருந்து பஸ் ஏறி வந்திருந்தது. கேட்டதையே கேட்டார்கள், சத்தியும் எடுத்தான். சொல்லின் பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே ஆளில் பொருந்தின. அவ போவதற்கு முன்பே என் மனம் வாக்கியத்தை எழுதி முடித்துவிட்டது.

மூன்று பந்தியை ஒரு வரியாக்கினேன். 'என் மகன் அட் நோசியம் விசாரிக்கப்பட்டான்.' சாரம், தண்ணீர், இரத்தம் எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிட்டதாகவே எனக்குப் பட்டது. நீட்டி எழுதுகிறவன் என்று மேலே சொன்னேனே, அது என் சொந்தக் கதைகளுக்கு மட்டும்.

பிரசாந்தி தட்டச்சை நிறுத்தினா.

"சேர், அம்மா சத்தியெண்டு சொன்னதெல்லாம் எங்கை? மூண்டு பந்தி ஒரு வரியாப் போச்சே."

"உள்ளுக்கை இருக்குப் பிள்ளை. இங்கிலிசு சுருக்கமான பாஷை."

"வாசிக்கிறவைக்கு விளங்குமோ?"

"படிச்சவைக்கு விளங்கும்."

அத்தோடு முத்திரையைக் குத்தினேன். அழகாக விழுந்தது.

ஏழு மாதம் கழித்துக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. ஆரணி அந்தக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினா. முப்பத்தோராவது பந்தி இப்படிப் போகிறது: விசாரணையின்போது இரத்தம் சத்தியெடுத்ததாக விண்ணப்பதாரர் சொல்கிறார். அவர் வீடு திரும்பிய அன்றே அவரைக் கண்ட தாய் அப்படி எதுவும் சொல்லவில்லை. விசாரணை சலிப்பூட்டும் விதத்தில் திரும்பத் திரும்ப நடந்தது என்று மட்டுமே தாய் சொல்கிறார். ஆகவே விண்ணப்பதாரரின் கூற்று நம்பத்தக்கதல்ல.

ஆரணி தொலைபேசியில் வந்தா. அங்கே பிறந்த பிள்ளை, தமிழ் கதைப்பா, வாசிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

"மாஸ்டர், உங்களைக் குறை சொல்லேல்லை. அம்மா சொன்னதை அப்பிடியே ஆங்கிலத்திலை போட்டு, முதல் தந்தது போதாதெண்டு ஒரு வரி எழுதித் தந்தால் காணும். அப்பீலுக்கு வைப்பன்."

"பாப்பம் பிள்ளை," என்றேன்.

மூன்று கிழமை பார்த்தேன். பார்த்தேன் என்றால், அந்த வாக்கியத்தை எடுத்து எடுத்து வாசித்தேன். ஒவ்வொரு தரமும் அது எனக்கு நன்றாகவே இருந்தது. இரண்டு தரம் ஆரணி திரும்பத் தொலைபேசி எடுத்தா. காய்ச்சல் என்று இரத்தினம்மாவைக் கொண்டு சொல்வித்தேன். இரத்தினம்மா சொல்லிவிட்டு, "என்ன காய்ச்சல் உங்களுக்கு?" என்று என்னைக் கேட்டா.

ஆரணி என்னை நம்பிக் காத்திருக்கவில்லை. லண்டனிலேயே ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து முழுச் சத்தியக்கடதாசியையும் புதிதாக ஆங்கிலமாக்கிக் கொடுத்துவிட்டா. இரண்டு மொழிபெயர்ப்பும் முரண்பட்டதால், தமிழில் உண்மையாக என்ன இருக்கிறது என்று முதலில் முத்திரை வைத்தவரே விளக்க வேண்டும் என நீதிமன்றம் கேட்டது. பதினான்கு நாள் தவணை. மின்னஞ்சலோடு புதிய மொழிபெயர்ப்பும் அதன் அடிக்குறிப்பும் வந்தன. அடிக்குறிப்பு சொன்னது இதுதான்: 'முந்திய மொழிபெயர்ப்பாளர் ஓர் இலத்தீன் தொடரின் ஆங்கில வழக்கைத் தவறாக விளங்கிக்கொண்டுள்ளார். அது அலுப்பூட்டும் மீள்கூற்றை மட்டுமே குறிக்கும்.' கீழே கையொப்பம் ஜெரோசன்.

நான் கதவைச் சாத்திவிட்டு அதைப் பல தரம் வாசித்தேன். பின் வாங்கில் இருந்து தொண்டையைக் காட்டியவன் எனக்கு அந்தச் சொல்லின் பொருளைச் சொல்லித் தருகிறான். நான் படிப்பித்த வசனத்தையே, நான் படிப்பித்த மாதிரியே. காரணம் என்ற இடத்தில் நீங்கள் பொறாமை என்று எழுதிக்கொள்ளலாம். நான் வேறு பெயர் வைத்திருந்தேன், ஆனால் உங்களுடையது சுருக்கமாக இருக்கிறது.

எனக்கு மூன்று வழி இருந்தது. பிழை விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொள்வது ஒன்று. அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் சத்தி என்றே பொருள் என்று அடித்துச் சொல்வது இன்னொன்று. அது பொய், ஆனால் பிள்ளை தப்பியிருப்பான். அதைச் செய்திருந்தால் ஆங்கிலம் தெரிந்த நீதவான் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார், ஜெரோசனும் சிரித்திருப்பான். அந்தச் சொல் ஆங்கிலத்தில் எப்படி வழங்குகிறது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்தக் குடாநாட்டில் இல்லை. மிஞ்சியது மூன்றாவது வழி. என் ஆங்கிலம் சரி. ஆகவே பிழை தமிழில்தான் இருந்தாக வேண்டும்.

நான்கு பக்கம் எழுதினேன். முதல் மூன்று பக்கமும் இலத்தீன். நாலாவது பக்கத்தில் இப்படி எழுதினேன்: 'சத்தி எடுக்கும் மட்டும்' என்பது யாழ்ப்பாணக் கிராமத்தவர் பேச்சில் மிகைப்படுத்திச் சொல்லும் ஒரு வழக்கு. திரும்பத் திரும்ப என்பதே அதன் கருத்து. எவரும் உண்மையில் சத்தியெடுத்ததாக அது குறிக்காது. இரத்தமும் சாரமும் அந்த மிகையின் தொடர்ச்சியே. ஆகவே என் மொழிபெயர்ப்பே சரியானது.

யாழ்ப்பாணத்தில் எந்தக் கிராமத்திலும் எவரும் அப்படிச் சொல்வதில்லை. எனக்குத் தெரியும். எழுதும்போதும் தெரியும். நான் பொய்ச் சத்தியம் செய்தேன்.

பிரசாந்தி அந்த நாலாவது பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழும்பி நின்றா.

"சேர், இதை நான் அடிக்கமாட்டன்."

"ஏன்?"

"அந்த மனுசி சொல்லேக்கை நானும் இருந்தனான். உங்களுக்குப் பக்கத்திலைதான் இருந்தனான்."

நானே இரண்டு விரலால் அடித்தேன். 'மிகை' என்பதற்கு ஆங்கிலத்தில் ஆறு சொல் உண்டு, நல்லதாக ஒன்று தெரிந்தெடுத்தேன். பதினான்கு நாள் தவணையில் ஒரே நாளில் அனுப்பிவிட்டேன். தாமதம் எனக்குப் பிடிக்காது. அடுத்த கிழமையில் இருந்து பிரசாந்தி வேலைக்கு வரவில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை என்று சொல்லியனுப்பினா. அவவுக்கு மகள் இல்லை, இரண்டும் ஆம்பிளைப் பிள்ளைகள்.

அப்பீல் தள்ளுபடியானது. தீர்ப்பில் என்னை 'அப்பிரதேசத்தில் வாழும் அனுபவமிக்க மொழிபெயர்ப்பாளர்' என்று குறிப்பிட்டு, என் நாலாவது பக்கத்தில் இருந்து ஐந்து வரி எடுத்துப் போட்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக என் ஆங்கிலத்தை ஒரு வெளிநாட்டு நீதவான் மேற்கோள் காட்டினார். அதை இரத்தினம்மாவுக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். அவ கீரை ஆய்ந்துகொண்டே, "அப்ப அந்தப் பிள்ளைக்கு என்னவாம்?" என்று கேட்டா. அந்தப் பக்கம் வரைக்கும் நான் வாசித்திருக்கவில்லை.

றஞ்சித்தை விமானத்தில் ஏற்றத் திகதி குறித்தார்கள். அந்தத் திகதிக்கு ஒன்பது நாளுக்கு முன், அவன் தங்கியிருந்த அறையில் இறந்துபோனான். வயது இருபத்தொன்பது. திரும்பி வந்தால் திரும்பவும் பிடித்துக் கேட்பார்கள் என்று கூட இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தானாம். அவன் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் பிறகு ஆரணியின் முறைப்பாட்டில் வாசித்துத்தான் அறிந்தேன். அதே முறைப்பாட்டோடுதான் நீங்கள் வந்தீர்கள்.

இனி ஒரு விடயம் இருக்கிறது. அது உங்கள் கோப்பில் இல்லை. யாருக்கும் தெரியாது, கேட்காமலே சொல்கிறேன்.

சாம்பல் வந்து சேர்ந்து ஒரு மாதம் கழித்து, செல்வநாயகி அம்மா திரும்பவும் என்னிடம் வந்தா. அதே இரண்டு பஸ். கையில் ஆங்கில மரணச் சான்றிதழ். இங்கே பதிவதற்குத் தமிழில் வேண்டும். அவவுக்குத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் நான் ஒருவன்தான். முந்தியும் எழுதித் தந்த ஐயா என்று என்னைத் தேடி வந்திருந்தா.

இறப்பின் காரணம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஒரே சொல் இருந்தது. தமிழில் அதற்குப் பொருத்தமான சொல்லைத் தேடி இருபது நிமிடம் செலவழித்தேன். முரட்டுத்தனமாக இருக்கக்கூடாது, பொருளும் குறையக்கூடாது. 'கழுத்தில் சுருக்கிட்டமையால்' என்று எழுதினேன். அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் கிடையாது, நீங்கள் யாரிடமும் காட்டிப் பார்க்கலாம்.

முத்திரை குத்தி நீட்டினேன். அம்மா அதை வாங்கி மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தா. வாசலுக்குப் போனவ திரும்பி வந்து நின்றா.

"ஐயா, ஒண்டு கேக்கட்டே?"

"கேளுங்கோ அம்மா."

"நான் அண்டைக்குச் சொன்னதிலைதான் கேஸ் விழுந்ததெண்டு ஆரோ சனம் கதைக்குதுகள். நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?"

நேரம் காலை பத்தரை இருக்கும். வீதியில் மீன்காரனின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. இல்லை அம்மா, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, பிழை என்னுடையது என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சுக்கூடத் தேவைப்பட்டிருக்காது. வாயைத் திறந்தபோது அதைத்தான் சொல்லப்போகிறேன் என்று நானும் நினைத்தேன்.

"நீங்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்லிப்போட்டியள் அம்மா," என்றேன். "சாரத்தைப் பற்றி மூண்டு தரம் சொன்னனீங்களெல்லே. உவங்கள் வெளிநாட்டுக்காரர், திரும்பத் திரும்பச் சொன்னால் நம்பமாட்டாங்கள்."

அவ கையிலிருந்த சான்றிதழை மடித்தா. பிறகு தலையை ஆட்டினா.

"ஓம் ஐயா. எனக்கு முறையாக் கதைக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் போகாத சனம் நாங்கள். நீங்கள் எவ்வளவு பாடுபட்டு எழுதினனீங்கள், நான்தான் கெடுத்துப்போட்டன்."

அன்றையில் இருந்து அவ யாரோடும் தானாகக் கதைப்பதில்லை என்று கேள்விப்படுகிறேன். ஏதாவது கேட்டால் ஒரு தரம் மட்டும் பதில் சொல்கிறாவாம். நீங்கள் வாக்குமூலம் எடுக்கப் போனபோதும் வாயைத் திறக்கவில்லை என்று சொன்னீர்கள். அதற்குக் காரணம் தெரியவில்லை என்றீர்கள். இப்போது தெரிந்திருக்கும்.

செய்ததை எல்லாம் எழுதிவிட்டேன், எதையும் மறைக்கவில்லை. தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். எனக்காக ஒன்றே ஒன்றை மட்டும் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று அவவிடம் நான் குரலை உயர்த்தவில்லை, கதிரை தந்து, தண்ணீர் தந்து, மெதுவாகத்தான் சொன்னேன். படிப்பறிவு குறைந்த ஆட்களோடு நான் எப்போதும் பொறுமையாகவே நடந்து வந்திருக்கிறேன்.